மதுரையில் அந்தக் காலத்து ஆன்டெனாக்கள் ஏன் கொடைக்கானல் பக்கம் திரும்பியிருந்தன?

தூர்தர்ஷன் ஒளிபரப்பு கொடைக்கானல் கோபுரத்திலிருந்து வந்ததால்தான். சென்னை நிலையம் 1975-இல் தொடங்கியது. ஆனால் டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவைத் தாண்டி மதுரைக்கு வராது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கிருந்து கணக்குப்படி 160 கிலோமீட்டருக்கு மேல் தொடுவானம். ஒரே கோபுரம், உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் எல்லாம் அடக்கம். மலை மறைவில் கிடந்த ஊர்களில்தான் புள்ளிப் புள்ளியாகத் தெரியும்.

காற்றில் கம்பி திரும்பிவிட்டால் ஒருவர் மாடியேறித் திருப்ப, கீழிருந்து "இன்னும் கொஞ்சம்ப்பா!" என்று கத்துவார்கள். கம்பத்தை உயர்த்தி இலங்கையின் ரூபவாஹினி டிவியைப் பிடித்தவர்களும் உண்டு.

இப்போது கிராமத்தில் தூர்தர்ஷனுக்கு செயற்கைக்கோள் வழி வரும், மாதக் கட்டணமில்லாத ஃப்ரீ டிஷ் போதும்.