கேள்வி–பதில்: ஏட்டில் ஏறிய ஏர்

கேள்வி: அமெரிக்காவின் முதல் விவசாயப் பத்திரிகை எது? 'புத்தக விவசாயம்' என்று ஒதுக்கிய உழவர்கள் அதை ஏன் படித்தார்கள்?

பதில்: 1810-லேயே ஜார்ஜ்டவுனில் 'அக்ரிகல்ச்சுரல் மியூசியம்' வந்தது, நீடிக்கவில்லை. நிலைத்த முதல் இதழ், 1819 ஏப்ரல் 2 அன்று பால்டிமோரில் ஜான் ஸ்டூவர்ட் ஸ்கின்னர் தொடங்கிய 'அமெரிக்கன் ஃபார்மர்' வார இதழ். அவர் அவ்வூர் அஞ்சல் தலைவர். அதனால் உழவர்களின் கடிதங்கள் தாராளமாக வந்தன. அவைதான் இதழின் உயிர்.

உழவரை இழுத்தது அறிவுரை அல்ல, சக உழவரின் சோதனைக் கணக்கு. 1821-ல் வர்ஜீனியாவின் எட்மண்ட் ரஃபின் இதில் எழுதிய கட்டுரையையே பாருங்கள். புகையிலையும் சோளமும் மாறி மாறி விளைந்து களைத்த நிலத்தில் எரு போட்டும் பலனில்லை. மண்ணில் புளிப்பு (அமிலத்தன்மை) ஏறியதே காரணம் என்றார் அவர். மட்கிய கிளிஞ்சல் கலந்த சுண்ணாம்பு மண்ணான 'மார்ல்' அந்தப் புளிப்பை முறிக்கும். அமிலம் ஊற்றினால் நுரைத்துப் பொங்குவது மார்லின் அடையாளம். ஆனால் அளவு மீறினால் பயிர் கெடும். எருவும் கூடவே வேண்டும். சுண்ணாம்பு மட்டும் சோறு போடாது. அந்த மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் அடிமைகள் என்பதையும் மறக்கக் கூடாது.

1833-ல் ரஃபினே 'ஃபார்மர்ஸ் ரெஜிஸ்டர்' தொடங்கினார். மறு ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் ஜெஸ்ஸி பியூயலின் 'கல்டிவேட்டர்' மாத இதழ் வந்தது. 1841-ல் சிகாகோவிலிருந்து வந்த இதழே பின்னாளைய 'பிரெய்ரி ஃபார்மர்'.