ஓடும் நாய், பறக்கும் பறவை: டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் ஏன் தப்புகிறது?

நிற்கிற ஆளை எடுத்தால் படம் பளிச்சென்று வருகிறது, ஓடுகிற நாயையோ பறவையையோ எடுத்தால் பாதிக்கு மேல் மங்கலாகிவிடுகிறது, எந்த செட்டிங்கை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். செட்டிங் பிறகு. முதலில் கெட்டுப்போன படங்களைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். நாய் மங்கலாக இருந்து, அதற்குப் பின்னாலோ முன்னாலோ இருக்கிற புல் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. புல்லும் நாயும் ஒரே திசையில் இழுத்துவிட்ட மாதிரி இருந்தால் கை ஆடியிருக்கிறது. உடம்பு சரியாக இருந்து கால்கள் மட்டும் கரைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. ஃபோகஸ் சரியில்லை என்று என்னிடம் காட்டப்படும் படங்களில் நிறைய இந்தக் கடைசி இரண்டு ரகம்தான். ஓடுகிறவர்களுக்கு 1/1000 நொடி, பறவைகளுக்கு 1/2000 நொடி என்று ஷட்டர் வேகத்தைத் தொடங்குங்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) ஏறினால் ஏறட்டும். அதனால் வரும் நாய்ஸை, அதாவது புள்ளிப் புள்ளியான கரகரப்பை, பிறகு குறைக்கலாம், கரைந்த காலை ஒட்டவைக்க முடியாது.

இனி உண்மையான ஃபோகஸ் பிரச்சினை. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கிற சென்சார் தனி. படம் பிடிக்கிற சென்சார் தனி. லென்ஸுக்குப் பின்னால், ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்புகிற பெரிய கண்ணாடி ஓரளவு ஒளியைத் தன் வழியே விடும். அதன் முதுகில் இருக்கிற சின்னக் கண்ணாடி அந்த ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பி, கேமராவின் அடிப்பகுதியில் உள்ள ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்பும். நீங்கள் ஷட்டரை அழுத்தியதும் இரண்டு கண்ணாடிகளும் மேலே போய்விடும். அந்த நேரத்தில் ஃபோகஸ் சென்சாருக்கு எதுவும் தெரியாது. ஆனால் படம் பதிவாவது அப்போதுதான்.

இது எவ்வளவு பெரிய இடைவெளி? சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏபிஎஸ்-சி (சற்றுச் சின்ன சென்சார்) கேமரா, 300 மிமீ லென்ஸ், அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித் துவாரம்) எஃப்/5.6, நாய் 10 மீட்டர் தூரத்தில். கூர்மையாகத் தெரிகிற ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து ஏறக்குறைய 24 செ.மீ. நாய் உங்களை நோக்கி நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருகிறது, அழுத்தியதிலிருந்து ஷட்டர் திறக்க 60 மில்லி செகண்டு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் அது 48 செ.மீ. நகர்ந்திருக்கும். அதாவது அழுத்தும்போது ஃபோகஸ் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும், படம் விழும்போது தப்பு.

ஆகவே கேமரா நாய் இருக்கும் இடத்துக்கு ஃபோகஸ் செய்தால் போதாது, இருக்கப்போகும் இடத்தைக் கணிக்க வேண்டும். உயரே வரும் பந்தைப் பிடிக்கிறவர் அது விழப்போகும் இடத்துக்கு ஓடுவதைப் போல. கேனனில் ஏஐ சர்வோ, நிக்கானில் ஏஎஃப்-சி என்பதெல்லாம் இந்தக் கணிப்புக்குத்தான். அதைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. கணிப்பதற்குக் கேமராவுக்குத் தொடர்ச்சியாகச் சில அளவீடுகள் வேண்டும். நல்ல தருணம் வந்ததும் வியூஃபைண்டரைக் கண்ணில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினால் அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு அளவீடு. வேகமும் திசையும் அதில் இல்லை. ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் பாயிண்டை (வியூஃபைண்டரில் தெரியும், ஃபோகஸ் பார்க்கிற இடத்தைக் காட்டும் புள்ளி) நாயின் மேலேயே வைத்துக்கொண்டு, குறைந்தது அரை நொடி, முடிந்தால் ஒரு நொடி கூடவே வாருங்கள். அப்புறம் முழுதாக அழுத்துங்கள். நான் சொல்கிறவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேனனில் ஏஐ சர்வோவில் பீப் சத்தம் வராது. அது பழுதல்ல, ஃபோகஸ் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதால் 'முடிந்தது' என்று சொல்ல எதுவும் இல்லை. நிற்கிறதா நகர்கிறதா என்று கேமராவே முடிவு செய்கிற ஏஐ ஃபோகஸ், ஏஎஃப்-ஏ இரண்டையும் இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். அது முடிவெடுப்பதற்குள் பறவை போயிருக்கும்.

அடுத்து எந்த பாயிண்ட். கேனன் 1500டி-யில் 9 பாயிண்ட், நிக்கான் டி3500-ல் 11. இரண்டிலும் நடுவில் உள்ளது மட்டுமே கிராஸ் டைப். படுத்த கோடு, நின்ற கோடு இரண்டையும் அதால் படிக்க முடியும். மற்றவை ஒரு திசையைத்தான் நன்றாகப் படிக்கும். எனவே இப்படிப்பட்ட கேமராவில் நடு பாயிண்டை வைத்து, ஃப்ரேமைக் கொஞ்சம் தாராளமாக விட்டு எடுத்து, பிறகு கிராப் செய்வதுதான் என் கட்சி. மூலையில் அழகாக வைத்து எடுக்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். பாயிண்டை வழுவழுப்பான வெள்ளை உடம்பில் வைக்காமல் கண், கழுத்துப்பட்டை, இறகு ஓரம் என்று மாறுபாடு உள்ள இடத்தில் வையுங்கள். நிக்கானில் டைனமிக் ஏரியா இருந்தால் அதைப் போடுங்கள். பாயிண்ட் கொஞ்சம் நழுவினாலும் பக்கத்தில் உள்ளவை தாங்கும். 3டி டிராக்கிங் நிறத்தைப் பார்த்துப் பின்தொடர்வது. பச்சைப் புல்லில் சிவப்புச் சட்டை என்றால் பிரமாதம், காய்ந்த புல்லில் பழுப்பு நாய் என்றால் திண்டாடும்.

வாய்ப்பிருந்தால் குறுக்காகப் போகிறவற்றில் பழகுங்கள். நேராக உங்களை நோக்கி வருவதுதான் இருப்பதிலேயே கடினம். வருகிற வேகம் மாறாவிட்டாலும், கிட்டே வர வர லென்ஸ் நகர வேண்டிய வேகம் கூடிக்கொண்டே போகும். 30 மீட்டரிலிருந்து 25-க்கு வருவது லென்ஸுக்கு ஒன்றுமில்லை, 8-லிருந்து 3-க்கு வருவதில் சாதாரண கிட் லென்ஸின் மோட்டார் மூச்சு வாங்கிவிடும். அந்தக் கடைசிச் சில மீட்டரை விட்டுவிடுங்கள்.

லென்ஸைப் பற்றி ஒரு விஷயம்: நீங்கள் எஃப்/8 வைத்தாலும் ஃபோகஸ் நடக்கும்போது லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும். எனவே அப்பர்ச்சரைச் சுருக்கினால் ஃபோகஸ் தடுமாறுமோ என்று பயப்பட வேண்டாம், வெளிச்சம் இருந்தால் எஃப்/8 போட்டு அந்த 24 செ.மீ.யைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொள்ளலாம். டெலி லென்ஸில் ஃபோகஸ் லிமிட்டர் ஸ்விட்ச் இருந்தால் கிட்டத்துத் தூரத்தை வெட்டிவிடுங்கள். ஒரு முறை இலக்கு தவறினால் லென்ஸ் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்த் தேடிவிட்டு வரும் கொடுமை குறையும்.

பின்பக்க பட்டன் ஃபோகஸ் (ஷட்டர் பட்டனுக்குப் பதில் கேமராவின் பின்னால் உள்ள பட்டனால் ஃபோகஸ் செய்வது) பற்றி எல்லோரும் சொல்வார்கள். நானும் பயன்படுத்துகிறேன், வசதி. ஆனால் அதனால் ஃபோகஸ் துல்லியமாவதில்லை. ஃபோகஸ் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்கிற கட்டுப்பாடு கட்டைவிரலுக்கு வருகிறது, அவ்வளவுதான். டிராக்கிங் சென்சிட்டிவிட்டி, கேனனின் பெரிய மாடல்களில் வரும் 'கேஸ்' வகைகள் (தயாராக வரும் டிராக்கிங் அமைப்புகள்) ஆகியவற்றையும் ஆரம்பத்தில் இருக்கிறபடியே விடுங்கள். நடுவில் மரமோ வேறு ஆளோ குறுக்கிட்டு ஃபோகஸ் அங்கே தாவுகிறது என்றால் மட்டும் தாவத் தயங்கும் பக்கமாக நகர்த்துங்கள்.

லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து, எடுக்காதீர்கள். கண்ணாடி மேலே போய்விடுவதால் அந்தத் தனி ஃபோகஸ் சென்சாருக்கு அங்கே வேலையே இல்லை. 2013-ல் 70டி-யுடன் வந்த டூயல் பிக்சல் (படம் பிடிக்கிற சென்சாரே ஃபோகஸும் பார்க்கிற முறை) உள்ள கேனன்கள் விதிவிலக்கு.

இவ்வளவும் செய்தபின் ஒவ்வொரு படத்திலும் ஒரே பக்கமாக, எப்போதும் பின்னாலேயே அல்லது எப்போதும் முன்னாலேயே ஃபோகஸ் விழுந்தால், ட்ரைபாடில் வைத்து அசையாத பொருளை வியூஃபைண்டர் வழியாக ஒன்றும் லைவ் வியூவில் ஒன்றும் எடுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் கோளாறு உங்கள் கையில் இல்லை. கேமராவில் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மெண்ட் (ஃபோகஸைச் சற்று முன்னே பின்னே தள்ளும் வசதி) இருந்தால் அதில் திருத்தலாம், இல்லாவிட்டால் கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.