தொடை மடிப்பில் கட்டி, கூடவே வாந்தி: காத்திருக்க வேண்டாம்

வணக்கம். 78 வயதான தங்கள் தாயாருக்கு வலது தொடை மடிப்புக்குக் கீழே எலுமிச்சை அளவில் கட்டி இருப்பதாகவும், நெறிக்கட்டி என்று மாத்திரை கொடுக்கப்பட்டதாகவும், நேற்றிலிருந்து வாந்தி எடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும், மெலிந்த முதிய பெண்களுக்கு இந்த இடத்தில், படுத்தாலும் உள்ளே போகாத கட்டி இருந்தால், தொடைக் குடலிறக்கமா (தொடை மடிப்புக்குக் கீழுள்ள இடைவெளி வழியே குடல் பிதுங்கி வெளியே வருவது) என்பதைத்தான் அறுவை மருத்துவர்களாகிய நாங்கள் முதலில் பார்ப்போம். அதன் வாய் குறுகலானது என்பதால் குடல் நெரிபட்டு இரத்த ஓட்டம் நின்றுபோகும் ஆபத்து அதிகம். குடற்சுவரின் ஒரு பகுதி மட்டும் சிக்கும்போது மலம் வழக்கம்போல் போவதும் உண்டு. அதை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். முதியவர்களுக்கு வலியும் காய்ச்சலும் பெரிதாகத் தெரியாமலே போகலாம்.

ஆகவே இன்றே, இரவானாலும், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். கட்டியை அழுத்தி உள்ளே தள்ள முயலவும் வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரானால், கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயறிதலில் ஐயம் இருந்தால் சிடி ஸ்கேன் பெரிதும் உதவும்.

அறுவையின்போது, கருத்திருக்கும் குடலை வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் மூடிச் சில நிமிடங்கள் காத்திருப்போம்; நிறம் திரும்பி அசைவு தெரிந்தால் உள்ளே விடுவோம், இல்லையேல் அப்பகுதியை வெட்டி இணைப்போம். அவ்வாறு வெட்ட நேர்ந்தால், தொற்றுக்கு அஞ்சி, குடல் பிதுங்கிய இடைவெளியை அடைக்கும் செயற்கை வலை வைக்காமல் தையலோடு நிறுத்துவது பலரின் வழக்கம். வயதைக் காட்டி அறுவையைத் தள்ளிப்போட்டால், இந்த நோயில் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.