எனக்குக் கற்பனை வளமே கிடையாது. பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தர என்னால் முடியுமா?

முடியும். கேள்வியைப் படித்ததும் ஐந்து வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. நீங்களும் அநேகமாக மற்ற அம்மாக்கள் போடும் கைவேலைப் படங்களை ராத்திரி உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள். எனக்கும் வரைய வராது, கதை கட்ட வராது.

முதல் வருடம் முழுக்க அச்செடுத்த பயிற்சித்தாள்கள்தான். ஒருநாள் என் மகள், அப்போது 9 வயது, பெருக்கல் தாளைத் தள்ளி வைத்துவிட்டு, சாவிக்கொத்தைக் கயிற்றில் கட்டி மாடிப்படிக் கம்பியில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். திட்டத்தான் போனேன். ஏனோ, "பத்துத் தடவை போய்வர எவ்வளவு நேரமாகுது?" என்று கேட்டுவிட்டேன்.

கயிறு 25 செ.மீ. பத்து ஆட்டத்துக்குப் பத்து விநாடி. "ரெண்டு மடங்கு நேரமாகணும்னா?" என்றேன். "ரெண்டு மடங்கு கயிறு" என்றாள் உடனே. 50 செ.மீ. வைத்தால் 14 விநாடிதான். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கனம் போதவில்லை என்று இன்னொரு கொத்தையும் கட்டினாள், அப்போதும் 14. 75 வைத்தாள், 17. முழுதாக ஒரு மீட்டர், அதாவது நாலு மடங்கு கயிறு விட்ட பிறகுதான் 20 வந்தது. படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அம்மா, அப்போ மூணு மடங்குக்கு ஒன்பது மடங்கா?" மேல்படிக்கு ஏறி 225 செ.மீ. கயிற்றைத் தொங்கவிட்டோம். 30 விநாடி!

கலிலியோ 400 வருடத்துக்கு முன்பே கண்ட விஷயம்தான். ஆனால் அவளுக்கு அது அன்று காலைதான் தெரிந்தது. கஃப்மன், பெகெட்டோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2009இல் படைப்பாற்றலை நான்கு வகையாகப் பிரித்தார்கள். மேதைகளுடையது ஒரு முனை. மறுமுனையில், கற்றுக்கொள்ளும்போது தனக்கு மட்டும் புதிதாகத் தோன்றும் கண்டுபிடிப்பு. அதையும் படைப்பாற்றல் என்றே அவர்கள் சேர்த்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

உடனே யாராவது "அப்போ வாய்ப்பாடு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். அந்தப் பெருக்கல் தாளை மறுநாள் முடிக்க வைத்தேன். பள்ளிக்கு அனுப்புகிறவர்களையோ ஆசிரியர்களையோ நான் குறை சொல்லவில்லை. ஒரு வகுப்பையே கட்டி மேய்க்கிறவருக்கு ஒரு கயிற்றுக்காக அரைநாள் ஒதுக்க முடியாது. எனக்கு முடிந்தது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. போன வருடம் ஒரு சதுரங்கப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனோம். படிவத்தில் பள்ளியின் பெயர் என்ற இடம் காலியாக இருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் பயிற்சி எடுத்த பிள்ளை. "வீட்டில் படிக்கிறாள்" என்று எழுத அந்தத் தாளில் ஒரு கட்டம் வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்குப் புதிதாக எதையும் தயார் செய்ய வேண்டாம். பிள்ளை கையில் எதை வைத்து நோண்டிக்கொண்டிருக்கிறதோ, அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விடை உங்களுக்கே தெரியாத கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த 14 ஏன் வந்தது என்று அன்று எனக்கும் தெரியாது.