பெட்டி அறையும் இரண்டு பாயிண்டும்

அன்புள்ள ஐயா,

நான் லெஸ்டரில் இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மகனுக்கு ஒரு ஹார்ன்பி ரயில் செட் வாங்கித் தந்தோம். அவனுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது, எனக்குத்தான் பிடித்துக்கொண்டது. வீட்டில் 2.1 மீட்டருக்கு 1.8 மீட்டரில் ஒரு பெட்டி அறை சும்மா கிடக்கிறது. அதில் நிரந்தரமாக ஒரு லேஅவுட், அதாவது பலகைமேல் தண்டவாளமும் ஸ்டேஷனும் பதித்த மாதிரி ரயில் பாதை, போட ஆசை. முதலில் கம்ப்யூட்டரில் வரைந்து பார் என்று எல்லோரும் சொல்வதால் எனிரெயில், ஸ்கார்ம், எக்ஸ்ட்ராக்கேட் மூன்றையும் இறக்கிவைத்திருக்கிறேன்.

என் திட்டம்: இரட்டைப் பாதை, ஒரு மேம்பாலம், ஒரு சுரங்கம், எங்கள் ஊர் ஸ்டேஷன் மாதிரி நாலு பிளாட்பாரம். எப்படி வரைந்தாலும் எங்கேயோ ஒரு மூலையில் தண்டவாளம் சேராமல் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்கிறது. அதைச் சரிசெய்தால் இன்னொரு மூலையில் பிளக்கிறது. இரவெல்லாம் இதே வேலை. எந்த மென்பொருளைக் கற்பது? முறையாக கேட் (கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் CAD) படித்துவிட்டு வரவேண்டுமா? "ரயில் எப்போ கிளம்பும்?" என்று வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்புடன்,
க., லெஸ்டர்

அன்புள்ள க.,

கேட் படிக்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மென்பொருள்கள் எல்லாம் அது தெரியாதவர்களுக்காகவே எழுதப்பட்டவை. உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: நீங்கள் வாங்கியிருக்கும் தண்டவாளத்தின் கணக்கு. அது தெரிந்துவிட்டால் எந்த மென்பொருளும் ஒரு சாயங்காலத்தில் கைக்கு வந்துவிடும். தெரியாவிட்டால் மூன்றை அல்ல, முப்பதை இறக்கினாலும் அந்த மூலை சேராது.

உங்கள் செட்டில் வந்த வளைவின் ஆரம் அநேகமாக 438 மி.மீ. ஹார்ன்பிகாரர்கள் இதை இரண்டாம் ஆரம் என்கிறார்கள். முதலாவது 371, மூன்றாவது 505. கழித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் 67 மி.மீ. வரும். பக்கத்துப் பக்கத்தில் போகும் இரண்டு பாதைகளுக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளி இந்த 67தான். நேர்த்தண்டவாளம் 168 மி.மீ., அதன் இரட்டை நீளம் 335. பாயிண்டும், அதாவது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் துண்டும், 168 மி.மீ. நீளம்தான், அதன் கிளை அதே 438 ஆரத்தில் 22.5 டிகிரி திரும்புகிறது. இப்போது அந்தக் கிளையின் முனையில், எதிர்ப்பக்கம் திரும்புகிற 22.5 டிகிரி வளைவு ஒன்றை மாட்டுங்கள். கிளை மறுபடி நேராகி, பிரதான பாதைக்கு இணையாக வந்து நிற்கும். எவ்வளவு தள்ளி? 67 மி.மீ. நீளவாக்கில் எவ்வளவு தூரம் வந்திருக்கும்? 335 மி.மீ. பள்ளிக்கூடத்து சைன், கொசைனில் போட்டுப் பார்த்தால் அரை மில்லிமீட்டர்கூட பிசகாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து, மொத்தக் குடும்பத்தையும் இந்த ஒரு முக்கோணத்திலிருந்து பிறக்க வைத்திருக்கிறார். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் ரயிலைவிட இதுதான் பிடிக்கும் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

சரி, பிறகு உங்களுக்கு ஏன் பிளக்கிறது? நீங்கள் படம் அனுப்பவில்லை, ஆனால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். மென்பொருளின் லைப்ரரியில் எல்லாக் கம்பெனிகளின் தண்டவாளமும் வரிசையாகக் கிடக்கும். புதிதாக வருபவர் அழகாக, நீளமாகத் தெரிகிற பாயிண்டை எடுத்துப் போடுவார். அது பீகோ என்ற கம்பெனியின் ஸ்ட்ரீம்லைன் வகையாக இருக்கும். அருமையான சரக்கு, நிஜ ரயிலின் பாயிண்டுக்கு எவ்வளவோ நெருக்கம். ஆனால் அதன் கிளை பிரிவது 12 டிகிரியில், பாதைகளின் இடைவெளி 51 மி.மீ. அதை ஹார்ன்பியின் 22.5 டிகிரிக்கும் 67 மி.மீ.க்கும் நடுவே செருகினால், பாதிக் கோலத்துக்கு ஒரு இடைவெளியிலும் மீதிக்கு வேறு இடைவெளியிலும் புள்ளி வைத்த கதைதான். கோடு திரும்பி வந்து சேராது. ஸ்ட்ரீம்லைனோடு போவதென்றால் வளைக்கத் தக்க ஃப்ளெக்ஸ் ட்ராக்கும் சேர்த்தே போகவேண்டும். ஒரு கெஜம், அதாவது 914 மி.மீ. நீளத் துண்டுகளாக வரும், வேண்டிய அளவுக்கு வெட்டி வளைத்துக்கொள்ளலாம். அதுவே பிறகு நல்லது. இப்போது வேண்டாம். லைப்ரரியில் ஹார்ன்பி ஓஓ, அதாவது உங்கள் செட்டின் 1:76 அளவு, தவிர மற்றதையெல்லாம் அணைத்து வையுங்கள். பீகோவின் செட்ட்ராக்கும் இதே கணக்கில் செய்யப்பட்டது, அதை மட்டும் தாராளமாகக் கலக்கலாம்.

இடைவெளி பற்றி இன்னொன்று. திரையில் ஒரு மில்லிமீட்டர் சேராமல் நின்றால் பதறவேண்டாம். ஒவ்வொரு இணைப்பிலும் துளி அசைவு உண்டு, பத்துப் பதினைந்து இணைப்புகளில் அந்த ஒரு மில்லிமீட்டர் கரைந்துபோகும். மென்பொருள் உங்கள் கையைவிடக் கறார். ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, அல்லது முனைகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்காமல் கோணலாக நிற்பது, இவை வேறு. அங்கே ஓங்கித் தள்ளிச் சேர்த்தால் ரயில் தினமும் அதே இடத்தில் தடம் புரளும்.

இனி அறைக்கு வருவோம். எல்லோரும் தண்டவாளத்திலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் வரையவேண்டியது சுவர், ஜன்னல், கதவு, கதவு உள்ளே திறக்கும்போது அடிக்கும் அரைவட்டம். அப்புறம் நீங்கள் நிற்கும் இடம். கை எட்டும் தூரம் சுமார் 75 செ.மீ., அதற்கு மேல் தடம் புரண்ட வண்டியை எடுக்கப் பலகைமேல் ஏறவேண்டும். 438 ஆரத்தில் ஒரு ஓவல் போட, ஓரம் விட்டு, பலகை 1 மீட்டர் அகலம் வேண்டும். அதைச் சுவரோடு ஒட்டினால் பின்பக்கம் எட்டாது. 2 மீட்டருக்கு 1 மீட்டர் பலகை என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் ஒற்றை ஓவலின் மொத்த நீளம் 4.75 மீட்டர்.

இப்போது மேம்பாலம். கீழே ஒரு ரயில் இடிக்காமல் போகவேண்டுமானால் மேல் பாதை சுமார் 8 செ.மீ. ஏறவேண்டும். 100-க்கு 3 என்ற ஏற்றமே சின்ன இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். அந்த ஏற்றத்தில் 8 செ.மீ. ஏற ஏறக்குறைய 2.7 மீட்டர் தண்டவாளம், இறங்க இன்னொரு 2.7. கூட்டினால் ஓவலைவிட நீளம், பாலத்துக்குச் சமதளமே மிச்சமில்லை. திரையில் என்ன நடந்தது? நீங்கள் பாலத்தை வைத்தீர்கள், மென்பொருள் வாங்கிக்கொண்டது. முப்பரிமாணக் காட்சியில் அழகாகவும் தெரிந்திருக்கும். உயரத்தை இரண்டு முனையிலும் எண்ணாகக் கொடுத்தால் ஏற்றம் எத்தனை சதவீதம் என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும். நாம் கேட்டால்தான் சொல்லும், அவ்வளவுதான்.

நாலு பிளாட்பாரமும் அப்படித்தான். நம் ஊர் ரயில்களின் எல்ஹெச்பி ரகப் பயணிகள் பெட்டி ஒன்று 24 மீட்டர். 22 பெட்டி வண்டியை ஓஓ அளவுக்கு, 1:76-க்கு, சுருக்கினால் கிட்டத்தட்ட 7 மீட்டர். உங்கள் அறையில் மூலைக்கு மூலை அளந்தாலே 2.8 மீட்டர்கூட இல்லை. மூன்று பெட்டிக்கு மட்டும் ஒரு மீட்டர் ஆகிவிடும், இன்ஜின் தனி. ஊர் ஸ்டேஷன் ஆசையை விடச் சொல்லவில்லை. ஒரு பிளாட்பாரத்தின் ஒரு முனை, ஒரு வேப்பமரம், ஒரு பெயர்ப்பலகை போதும், பார்ப்பவர்களுக்கு ஊர் தெரிந்துவிடும். ஆனால் அது இரண்டாவது லேஅவுட்.

முதல் லேஅவுட்டாக நான் உங்களை வரையச் சொல்வது இங்கிள்நுக். நீங்கள் இருக்கும் நாட்டில் ஆலன் ரைட் என்பவர் செய்து பிரபலமாக்கிய ஷண்டிங் புதிர், அதாவது வேகன்களை முன்னும் பின்னும் தள்ளி வரிசைப்படுத்தும் விளையாட்டு. இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங் (வேகன்களை நிறுத்தும் பாதை). நீளமான சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. இன்னொரு பக்கம், இன்ஜினும் மூன்று வேகனும் மட்டும் கொள்ளும் ஒரு முட்டுத் தண்டவாளம். மொத்தம் எட்டு வேகன்கள், அவற்றுக்கு எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுக்கவேண்டும். எடுத்த அதே வரிசையில் ஐந்து வேகன்களையும் நீளச் சைடிங்கில் கோத்து நிறுத்தவேண்டும். சீட்டு 6,720 விதமாக விழலாம். மகன் திரும்பி வந்தாலும் வருவான். வட்டம் சுற்றும் ரயில் யாருக்கும் அலுக்கத்தான் செய்யும்.

வரையும்போது ஒரு இடத்தில் மட்டும் கவனம். முதல் பாயிண்ட் இடக்கை (கிளை இடப்பக்கம் பிரிவது) என்றால் இரண்டாவது வலக்கை. அதைத் தனியாக எங்கோ தள்ளி வைக்காதீர்கள், முதல் பாயிண்டின் கிளை முனையிலேயே நேரடியாக மாட்டுங்கள். மேலே சொன்ன முக்கோணம் நினைவிருக்கிறதா? கிளையை இணையாகத் திருப்புவதற்கு ஒரு எதிர் வளைவு வேண்டும். இரண்டாவது பாயிண்டின் கிளையே அந்த வளைவு ஆகிவிடும். அதன் நேர்வழி சாய்வாகப் போய்க்கொண்டிருக்கும், அதன் முனையில் ஒரு 22.5 டிகிரி வளைவு போட்டால் அது மூன்றாவது சைடிங். வேகன் ஒன்றுக்குக் கொக்கியோடு 9 செ.மீ., இன்ஜினுக்கு 14 என்று வைத்தால் மொத்தமும் 1.2 மீட்டரில் அடங்கும். அகலம் 30 செ.மீ. தாராளம். ஒரு புத்தக அலமாரித் தட்டு அளவு. உங்கள் வேகனை அளந்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சைடிங் நீளத்தில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். பாயிண்ட் முடிந்த இடத்திலிருந்து கடைசி வரை அளந்து ஐந்து வேகன் நிற்கும் என்பார்கள். நிற்காது. இரண்டு பாதையும் போதுமான அளவு விலகும்வரை அங்கே நிறுத்தும் வேகன் பக்கத்துப் பாதை வண்டியை உரசும். நம் ஊர் ஸ்டேஷன்களில் பாதை பிரியும் இடத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே வெள்ளையடித்த ஒரு கட்டை பதித்திருப்பார்களே, ஃபவுலிங் மார்க், அதன் வேலை இதுதான். உங்கள் வரைபடத்திலும் ஒரு கோடு போட்டுக்கொண்டு அங்கிருந்து அளங்கள். வேகன் நீளத்துக்கு ஒரு செவ்வகம் வரைந்து, அதை நகலெடுத்துத் தண்டவாளத்தின்மேல் வரிசையாக அடுக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது.

எந்த மென்பொருள் என்றால், இதற்கு எனிரெயிலே போதும். விலையில்லாமல் 50 துண்டுவரை வரையவிடும், இங்கிள்நுக்குக்கு அதில் பாதிகூட ஆகாது. துண்டுகள் கிட்டே கொண்டுபோனால் தாமே ஒட்டிக்கொள்ளும், உங்கள் நிலைக்கு அது பெரிய ஆறுதல். விண்டோஸில் மட்டும் ஓடும். ஸ்கார்மும் ஏறத்தாழ அந்த ரகம், முப்பரிமாணக் காட்சி அதில் நன்றாக இருக்கும், விலையில்லாமல் 100 துண்டு. எக்ஸ்ட்ராக்கேட் முழுக்க இலவசம், திறந்த மூலம், மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும், துண்டுக் கணக்கே கிடையாது. ஃப்ளெக்ஸ் ட்ராக்குக்குப் போகும்போது அதற்கு வாருங்கள். அதன் பொத்தான்கள் முதலில் ஒன்றும் புரியாது. உதவிப் பட்டியலில் டெமோ என்று இருப்பவற்றை ஓடவிட்டுப் பார்த்தால் மவுஸ் தானாக நகர்ந்து வரைந்து காட்டும். அதைப் பார்க்காமல் அதைத் திட்டுகிறவர்கள் நிறைய. டெம்ப்ளாட் என்று ஒன்றைச் சொல்வார்கள். அது தண்டவாளத்தையே கட்டை கட்டையாகக் கையால் கட்டுகிறவர்களுக்கு. இலவசம் என்று ஆசைப்பட்டு இறக்காதீர்கள்.

வரைந்து முடித்ததும் 1:1 அளவில் அச்சிடுங்கள். அதற்கு முன்னால் வரைபடத்தின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளக் கோடு ஒன்று போட்டு, ஒரே ஒரு தாளை அடித்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். 97 வந்தால், பிரிண்டர் தாளுக்குள் அடக்குவதாக நினைத்துச் சுருக்கியிருக்கிறது, அந்த அமைப்பை அணைக்கவேண்டும். தாள்களைச் செலோடேப் போட்டு ஒட்டி, பலகைமேல் விரித்து, உங்களிடம் இருக்கும் இன்ஜினையும் வேகனையும் காகிதத்தின்மேலேயே வைத்துத் தள்ளிப் பாருங்கள். முட்டுத் தண்டவாளத்தில் இன்ஜினும் மூன்று வேகனும் நின்று, பாயிண்டின் நாக்கு நகர இடம் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அதன் பிறகுதான் கடை. எல்லா மென்பொருளும் என்னென்ன துண்டு எத்தனை வேண்டும் என்று பட்டியல் தரும். செட்டில் ஏற்கெனவே இருப்பதை அடித்துவிட்டு மீதியை வாங்குங்கள். அந்தப் பட்டியலில் பாயிண்ட் இரண்டுக்கு மேல் இருந்தால் கடைக்குப் போகாமல் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்.