நாயைக் கண்டதும் பிள்ளைகள் பாய்ந்தால்

நிஜ நாயை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, பிள்ளைகளில் ஒருவரையே நாயாக உட்காரவையுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்தில், உங்கள் தமிழ் வகுப்புக்கு நாயைக் கொண்டுவந்தால் பிள்ளைகள் 12 பேரும் ஒன்றாக அதன்மேல் பாய்கிறார்கள் என்றீர்கள். யார் முதலில் தடவுவது என்று நீங்கள் வைத்த போட்டிதான் காரணமாக இருக்கும், போட்டி என்றாலே ஓட்டமும் கத்தலும், அது நாயை மிரட்டிவிடும்.

மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: நாய், சொந்தக்காரர், விருந்தாளி. விருந்தாளி சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு, பக்கவாட்டில் நின்று கையைத் தாழ்த்திக் காத்திருக்கவேண்டும். நாய் முகத்தைத் திருப்பினாலோ உதட்டை நக்கினாலோ விலகவேண்டும். தலைக்கு மேலே கை வரும்போது நாயாக உட்கார்ந்த பிள்ளை தானாகவே கண்ணை மூடிக்கொள்ளும், பாருங்கள், அதற்குத்தான் அதிகம் புரியும்.

அப்புறம் ஓர் ஆட்டம்: உணவுப் பெயர் எழுதிய சீட்டுகளை, நாய்க்குக் கொடுக்கலாம், கொடுக்கக்கூடாது என்று இரண்டு கூடைகளில் பிரித்துப் போடவேண்டும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம். மீந்த கறிச்சோறு எந்தக் கூடைக்குப் போகும் என்று கேளுங்கள், நம் கறியில் வெங்காயம் இல்லாமலா?

அடுத்த வாரம் ஒன்றும் நினைவூட்டாமல் ஒரு பொம்மை நாயை நடுவில் வைத்துப் பாருங்கள். யாராவது ஓடினால் நிஜ நாய்க்கு இன்னும் நேரம் வரவில்லை.

ஒன்று மட்டும்: டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் எந்த நாயையும் உள்ளே விடாதீர்கள். பல் சற்றே கீறினாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே கிளினிக்குக் கூட்டிப்போங்கள்.