எல்இடி சிக்னல் படபடக்கிறதா? ரெசிஸ்டர் வாங்கும் முன்

கேள்வி: என் கப்சாய் மோட்டாரில் (சிறிய மோட்டார் சைக்கிள்) நான்கு சிக்னலையும் எல்இடிக்கு மாற்றினேன். இப்போது படபடவென்று மின்னுகிறது. கடையில் நான்கு ரெசிஸ்டர் போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: அவசரப்படாதீர்கள், முதலில் ரிலேயைப் (சிக்னலை மின்னவைக்கும் சிறு பெட்டி) பாருங்கள். பழைய பல்ப் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 10 வாட். எல்இடி ஓரிரு வாட்தான் இழுக்கும். கரண்ட் குறைந்ததும் பல்ப் எரிந்துபோனதாக எடுத்துக்கொண்டு ரிலே வேகமாக அடிக்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னினால் சரி.

ரிலே தனியாகக் கழற்ற வருமானால் எல்இடிக்கான ரிலே ஒன்றே போதும். நான்கு ரெசிஸ்டருக்குச் செலவழிப்பது வீண். பழையதைக் கையோடு கொண்டுபோய், அதன் பின் (ஒயர் சொருகும் கால்) இரண்டா மூன்றா என்று ஒப்பிட்டு வாங்குங்கள். மூன்று பின் ரிலேயில் பி (பேட்டரி), எல் (விளக்கு), இ (எர்த்) வரிசை கடைக்குக் கடை மாறும். அதைப் பார்க்காமல் சொருகினால் மின்னாது, சில நேரம் ஃபியூஸும் போகும்.

ரிலே மீட்டருக்குள்ளேயே இருந்தால் ரெசிஸ்டர்தான் வழி; அது கூடுதல் கரண்ட் இழுத்து, பழைய பல்ப் இருப்பதுபோல் ரிலேக்குக் காட்டும். அப்போதும் நான்கு வேண்டாம், பக்கத்துக்கு ஒன்று போதும்: 8.2 ஓம், 50 வாட், அலுமினிய உறை போட்டது. முன்பக்கம் மட்டும் மாற்றியிருந்தால் 15 ஓம், 25 வாட். கோலாலம்பூர் ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பல்ப் 21 வாட் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது.

சிக்னல் ஒயருக்கும் எர்த்துக்கும் குறுக்கே இணைக்க வேண்டும். பிளஸ் மைனஸ் பார்க்கத் தேவையில்லை. ஹோண்டாவில் இடது ஆரஞ்சு, வலது வெளிர்நீலம், எர்த் பச்சை. யமஹாவில் இடது சாக்லேட் நிறம் (கரும்பழுப்பு), வலது கரும்பச்சை, எர்த் கறுப்பு. ஒயரை வெட்டி நடுவில் சேர்த்தால் எல்இடி மங்கும், வேகம் குறையாது.

சூடுதான் பெரிய ஆபத்து. இன்ஜின் ஓடும்போது 8.2 ஓம் ரெசிஸ்டரில் 25 வாட் வரை சூடாக மாறும். தொட்டால் கை சுடும். பிளாஸ்டிக் கவரிலோ ஒயர் கட்டிலோ கேபிள் டையால் கட்டிவைத்தால் உருகிவிடும். சேஸியின் இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள். கிள்ளிப் பொருத்தும் கிளிப் நம் மழைக்குத் துருப்பிடிக்கும், சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி ஒட்டும் உறை) போடச் சொல்லுங்கள்.

மீட்டரில் இரு பக்கத்துக்கும் ஒரே சிக்னல் விளக்குதான் என்றால், ஒரு பக்கம் போட்டதும் நான்கும் சேர்ந்து மின்னலாம். அது வேறு கோளாறு: கரண்ட் அந்த விளக்கு வழியே மறுபக்கம் பாய்கிறது. விளக்குக்கு வரும் இரு ஒயரிலும் 1என்4007 டையோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) ஒவ்வொன்று போடுங்கள், வெள்ளைக் கோடு விளக்கைப் பார்த்து இருக்கும்படி; விளக்கின் இன்னொரு முனை எர்த்துக்கு.